எகிப்தின் தொல்லியலும் காலனியப் பார்வையும்

மத்ரஸாவில் திருக்குர்ஆன் விரிவுரைப் பாடம் யூனுஸ் அத்தியாயத்தின் தொண்ணூற்று இரண்டாம் வசனத்தை எட்டும் நாளில், மாணவரிடமிருந்து ஒரே விதமான கேள்வி எழுவது வழக்கம். கடலில் மூழ்கடிக்கப்பட்ட ஃபிர்அவ்னின் உடல், பின்வருவோருக்கு ஓர் அத்தாட்சியாக அமையும்பொருட்டுக் காக்கப்படும் என்பது அவ்வசனத்தின் கருத்து. "அந்த உடல் செங்கடலில் கண்டெடுக்கப்பட்டு லண்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறதல்லவா, ஹஜ்ரத்?" என்று கேட்டு, முழங்கால் மடங்கி ஒருக்களித்துக் கிடக்கும் ஓர் உடலின் படத்தையும் மாணவர் காட்டுவர். சிறு பிரசுரங்கள் வழியாகவும், பின்னர்க் கைப்பேசிகள் வழியாகவும் நம் ஊர்களெங்கும் பரவிய படம் அது.

அப்படத்திலுள்ளவர் ஃபிர்அவ்ன் அல்லர். மேல் எகிப்தில் ஜெபலைன் என்னும் இடத்தின் மணற்குழியொன்றிலிருந்து எடுக்கப்பட்டு, 1900ஆம் ஆண்டில் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் உடைமையானது அந்த உடல். சூடான மணல் ஈரத்தை உறிஞ்சியதால் அது கெடாமல் உலர்ந்துபோயிற்று. அம்மனிதர் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்டவர். மூஸா (அலை) அவர்களின் காலத்தை ஆய்வாளர் எவ்விதம் கணித்தாலும், அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் முற்பட்டவர். மூஸா (அலை) காலத்து ஃபிர்அவ்னாக இருக்கலாம் என்று சிலர் கருதும் இரண்டாம் ரம்ஸீஸின் உடல் 1881இல் தைருல் பஹ்ரீ மலைப்பகுதியின் மறைவிடமொன்றிலும், அவர் மகன் மெர்னப்தாவின் உடல் 1898இல் அரசர் பள்ளத்தாக்கின் கல்லறையொன்றிலும் கிடைத்தன. இரண்டும் கடலில் கிடைத்தவையல்ல, லண்டனிலும் இல்லை. 2021 ஏப்ரல் முதல் அவை கெய்ரோவில், அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள் நிறுவிய ஃபுஸ்தாத் நகரிருந்த பகுதியில், எகிப்திய நாகரிகத் தேசிய அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. எந்த ஃபிர்அவ்ன் என்று திருக்குர்ஆன் பெயர் சுட்டவில்லை. அவன் மாண்டதை ஐயுற்ற பனூ இஸ்ராயீலர் கண்டு தெளியும்பொருட்டு உடல் கரையில் ஒதுக்கப்பட்டது என்றே முற்கால விரிவுரையாளர் பலர் பொருள் கூறினர். இறைவசனத்துக்கு எந்த அருங்காட்சியகத்தின் சான்றும் தேவையில்லை.

இப்பிழையைத் திருத்துவது எளிது. ஆயினும் இது எவ்வாறு நம்மிடையே வேரூன்றியது என்று எண்ணிப் பார்த்தால் பெரியதொரு வினா எழுகிறது. எகிப்தின் பழமையைப் பற்றி அரபு மொழியில் நம் முன்னோர் எழுதிய நூல்களை நாம் படிப்பதில்லை. அந்நாட்டு மண்ணில் அகழ்ந்தெடுக்கப்பட்டது ஏன் லண்டனில் இருக்கிறது என்றும் கேட்பதில்லை. மேலைநாட்டுக் கண்ணாடிப் பேழையில் இருப்பதாகச் சொல்லப்படுவதே நமக்கு உறுதியான சான்றாகத் தோன்றுகிறது. தொல்லியலில் காலனிய நீக்கம் என்று அறிஞர்கள் பேசிவருவது இந்த மனநிலையையும் சேர்த்துத்தான்.

காலனிய நீக்கம் என்பதன் பொருள்

ஐரோப்பியர் அள்ளிச் சென்ற பொருள்களைத் திரும்பப் பெறுவதே காலனிய நீக்கம் என்று பலர் கருதுகின்றனர். அது அதன் ஒரு பகுதி மட்டுமே. எந்த இடத்தை, எந்தக் கேள்வியோடு தோண்டுவது, மண்ணடுக்குகளில் எதைப் போற்றி எதை எறிவது, கண்டதை எந்த மொழியில் எழுதுவது, அகழ்ந்தவர் யார் என்று யாருடைய பெயரைப் பொறிப்பது, அவ்விடத்தில் தலைமுறைகளாக வாழ்வோருக்கு அதில் என்ன உரிமை என்னும் அனைத்தையும் முடிவு செய்யும் அதிகாரம் பற்றிய ஆய்வு அது. எகிப்தின் வரலாற்றில் இவை ஒவ்வொன்றுக்கும் தெளிவான சான்றுகள் கிடைக்கின்றன. ஆதலின் அந்நாட்டையே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

அக்கறையற்ற மக்கள் என்னும் கூற்று

"எகிப்தியருக்கும் பொதுவாக முஸ்லிம்களுக்கும் தம் மண்ணின் பழமை பற்றி அக்கறையில்லை, 1798இல் நெப்போலியனுடன் வந்த அறிஞர்களே அதைக் கண்டுபிடித்தனர்" என்பது நெடுங்காலம் பாடநூல்களில் இடம்பெற்ற கூற்று. அக்கறையற்றவர்களிடமிருந்து பொருளை எடுத்துச் செல்வது காப்பாற்றுவதேயாகும் என்னும் நியாயம் இதன்மீதுதான் கட்டப்பட்டது.

பக்தாதில் 1162இல் பிறந்து 1231இல் மறைந்த மருத்துவ அறிஞர் அப்துல் லத்தீஃப் அல்பக்தாதீ, ஏறத்தாழ 1200ஆம் ஆண்டளவில் எகிப்தில் தாம் கண்டவற்றை 'அல்இஃபாதா வல்இஃதிபார்' என்னும் நூலில் பதிந்துள்ளார். பிரமிடுகளையும், அபுல் ஹவ்ல் என்னும் பெருஞ்சிலையையும், பழைய தலைநகரான மன்ஃபின் இடிபாடுகளையும் அவர் நேரில் ஆராய்ந்தார். அவ்வளவு பெரிய முகத்தில் கண், மூக்கு, காது ஆகியவற்றின் அளவு விகிதம் பிறழாமல் செதுக்கிய சிற்பியின் திறனை வியந்தார். பஞ்சத்தில் மாண்டோரின் எலும்புக் குவியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை நோக்கி, கீழ்த்தாடை இரண்டு எலும்புகளால் ஆனது என்ற ஜாலீனூஸின் கூற்றை மறுத்து, அது ஒரே எலும்பே என்று நிறுவியவரும் இவரே. நூலில் உள்ளதைவிடக் கண் கண்டதே வலியது என்னும் ஆய்வு நெறி இவரிடம் இருந்தது.

தொல்பொருள்களை ஏன் காக்க வேண்டும் என்பதற்கும் இவர் காரணங்களை வரிசைப்படுத்துகிறார். அவற்றை எழுப்பியோர் தமக்குப் பகைவராயினும், முற்கால மன்னர்கள் அச்சின்னங்களைச் சிதைக்கவொட்டாது காத்தனர் என்று தொடங்கி நான்கு பயன்களைச் சுட்டுகிறார். அவை கடந்த காலங்களை உணர்த்தும் வரலாறாக நிற்கின்றன. இறைவேதங்கள் கூறும் செய்திகளுக்குச் சாட்சியமாகின்றன. மனிதனின் முடிவை நினைவூட்டுகின்றன. முன்னோரின் அறிவையும் சிந்தனைத் தெளிவையும் காட்டுகின்றன. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் அரபியில் எழுதப்பட்ட தொல்லியல் கொள்கை இது.

எகிப்தைச் சேர்ந்த ஜமாலுத்தீன் அல்இத்ரீஸீ (மறைவு 1251) பிரமிடுகளைப் பற்றித் தனி நூலே இயற்றினார். ஹஜ்ஜை முடித்து மஃக்ரிப் திரும்பிய மாணவர் ஒருவர், வழியில் எகிப்தில் தங்கியும் பிரமிடுகளைக் காணாது வந்ததைக் கேட்ட ஆசிரியர் அவரைக் கடிந்துகொள்ள, அம்மாணவர் அவற்றைக் காண்பதற்காகவே மீண்டும் பயணப்பட்ட செய்தியை அந்நூல் கூறுகிறது. பூமியில் பயணம் செய்து, முன்சென்றோரின் முடிவைக் காணுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் பணிப்பதை அக்கால ஆசிரியர்கள் எவ்வளவு நேர்ப்பொருளில் கொண்டனர் என்பதற்கு இது சான்று. 15ஆம் நூற்றாண்டில் மக்ரீஸீ தம் 'கிதத்' நூலில் எகிப்தின் பழஞ்சின்னங்களை ஊர் ஊராகப் பதிந்தார்.

படவெழுத்துகளை வாசித்த பெருமை பிரெஞ்சு அறிஞர் ஷாம்போலியோனுக்கு உரியது என்பதில் ஐயமில்லை. ஆனால் 1822இல் அவர் பெற்ற வெற்றிக்கு அடிப்படையாயிருந்தது கிப்தி மொழியறிவு. ஐரோப்பா அம்மொழியைக் கற்றது எவ்வாறு? இடைக்கால எகிப்தியக் கிறிஸ்தவ அறிஞர்கள், தம் மக்களின் வழக்கிலிருந்து மறைந்துகொண்டிருந்த கிப்தி மொழிக்கு அரபியில் இலக்கணங்களும் சொற்பட்டியல்களும் எழுதிவைத்தனர். 'ஸுல்லம்', அதாவது ஏணி என்று அவற்றுக்குப் பெயர். அவற்றின் கையெழுத்துப் படிகள் ரோமாபுரிக்குக் கொண்டுசெல்லப்பட்டு, கிர்ச்சர் என்னும் பாதிரியார் 1643இல் வெளியிட்ட நூலுக்கு ஆதாரமாயின. ஷாம்போலியோனுக்குப் பாரிஸில் அரபு கற்பித்த சில்வெஸ்தர் து சாசிதான், பக்தாதீயின் நூலை 1810இல் பிரெஞ்சில் மொழிபெயர்த்து வெளியிட்டவரும் ஆவார். ஆக, அந்த ஏணியின் பல படிகள் அரபு மொழியால் ஆனவை.

இதைச் சொல்லும்போது மறுபக்கம் சாய்ந்துவிடவும் கூடாது. இப்னு வஹ்ஷிய்யாவுக்கு உரியதாகச் சொல்லப்படும் பழம் எழுத்துகள் பற்றிய நூலொன்று 1806இல் லண்டனில் அச்சேறியது. அதைக் கொண்டு, படவெழுத்துகளை முஸ்லிம்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே முழுமையாக வாசித்துவிட்டனர் என்று சிலர் எழுதுகின்றனர். அந்நூலில் சில நல்ல ஊகங்கள் உண்டு என்று வாதிடும் அறிஞர் உளர். ஆனால் அதைக் கொண்டு ஒரு கல்வெட்டையும் தொடர்ச்சியாக வாசிக்க இயலாது. அடுத்தவர் மறைத்ததை வெளிப்படுத்துவது நீதி. இல்லாததை ஏற்றிச் சொல்வது அந்த லண்டன் உடலின் கதையைப் போன்றதாகிவிடும்.

நிர்வாகம் யார் கையில்?

அல்அஸ்ஹரில் பயின்று, 1826 முதல் 1831 வரை பாரிஸில் தங்கிக் கற்றுத் திரும்பிய ரிஃபாஆ அத்தஹ்தாவீ, தம் நாட்டின் தொல்பொருள்கள் வெளியேறுவது கண்டு வருந்தினார். தொல்பொருள் ஏற்றுமதியைத் தடுத்தும், அவற்றைக் கெய்ரோவில் சேர்த்துவைக்குமாறும் முஹம்மத் அலீ பாஷா 1835இல் பிறப்பித்த ஆணையில் தஹ்தாவீக்குப் பங்குண்டு. சேர்த்தவை அவருடைய பொறுப்பில் விடப்பட்டன. ஆனால் ஆட்சியாளர்களே அத்திரட்டிலிருந்து வெளிநாட்டாருக்கு அன்பளிப்பு வழங்கி அதைக் கரைத்தனர். எஞ்சியதை 1855இல் ஸயீத் பாஷா ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியனுக்குக் கொடுத்துவிட்டார். காலனியத்தின் குற்றத்தை மட்டுமே பேசுவோர் இதை மறந்துவிடலாகாது.

1858இல் தொல்பொருள் துறை நிறுவப்பட்டபோது அதன் தலைவராக பிரெஞ்சுக்காரர் மாரியத் அமர்த்தப்பட்டார். கள்ளக் கடத்தலைக் கட்டுப்படுத்தியதும், 1863இல் பூலாக் அருங்காட்சியகத்தைத் திறந்ததும் அவருடைய நற்செயல்கள். ஆனால் அதன்பின் 94 ஆண்டுகள், 1952ஆம் ஆண்டுப் புரட்சி வரை, அத்துறையின் தலைமை ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து மற்றொரு பிரெஞ்சுக்காரருக்கே சென்றது. 1882 முதல் நாட்டை ஆண்ட ஆங்கிலேயரும் இதை மாற்றவில்லை. 1904இல் பிரிட்டனும் பிரான்சும் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கை எகிப்தையும் மொராக்கோவையும் பற்றிய பேரம். எகிப்தின் தொல்பொருள் துறைத் தலைவர் தொடர்ந்து பிரெஞ்சு அறிஞராகவே இருப்பார் என்பது அதில் எழுத்தில் இடம்பெற்றது. ஒரு நாட்டின் முன்னோர் சின்னங்களை யார் காப்பது என்பதை வேறு இரு நாடுகள் தமக்குள் தீர்மானித்துக்கொண்டன!

இந்த ஏற்பாட்டில் எகிப்திய அறிஞரின் நிலை என்னவாயிருந்தது என்பதை அஹ்மத் கமாலின் (1851–1923) வாழ்க்கை காட்டுகிறது. ஜெர்மானிய அறிஞர் புருக்‌ஷைத் தலைவராகக் கொண்டு 1869இல் கெய்ரோவில் தொடங்கப்பட்ட பண்டைய எகிப்திய மொழிப் பள்ளியில் பயின்றவர் அவர். அப்பள்ளி 1874இல் மூடப்பட்டது. தம் மாணவர்கள் முன்னேறுவதை மாரியத் விரும்பவில்லை என்றும், உள்நாட்டார் எவரும் அருங்காட்சியகத்தில் கல்வெட்டுகளைப் படியெடுக்கக் கூடாதென்று அவர் தடுத்தார் என்றும் புருக்‌ஷே தம் வாழ்க்கைக் குறிப்பில் எழுதியுள்ளார். கற்ற கல்விக்கேற்ற பணி கிடைக்காத அஹ்மத் கமால், பிறகு மொழிபெயர்ப்பாளராக அருங்காட்சியகத்தில் நுழைந்து, துணைக் காப்பாளர் பதவிவரை உயர்ந்து, 1914இல் ஓய்வுபெற்றார். எகிப்திய இளைஞருக்குப் பயிற்சியளிக்க வேண்டுமென்று அவர் வற்புறுத்தியபோது, அவர்களில் ஆர்வமுடையோர் மிகச் சிலரே என்று அன்றைய தலைவர் லக்கோ மறுமொழி கூறினார். அறுபத்தைந்து ஆண்டுகளாகத் துறையை நடத்திய நீங்கள் எங்களுக்கு என்ன வாய்ப்பு அளித்தீர்கள் என்பதே கமால் திருப்பிக் கேட்ட கேள்வி.

பண்டைய எகிப்திய மொழிக்கும் அரபுக்கும் உள்ள உறவை மையமாகக் கொண்டு இருபத்திரண்டு தொகுதிகளில் அவர் தொகுத்த பேரகராதி அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அதை மதிப்பிட்டோருள் மேலைநாட்டு அறிஞர்கள் அதற்கு ஒப்புதல் அளிக்கவில்லை. அவருடைய சொல்லாராய்ச்சியில் பிழைகள் உண்டு என்பது உண்மையே. ஆனால் பிழை திருத்தி வளர்க்கும் வாய்ப்பு பிறருடைய நூல்களுக்குக் கிடைத்தது, அவருடையதற்குக் கிடைக்கவில்லை. 2002 முதல்தான் அதன் கையெழுத்துப் படி நூலுருவில் வரத் தொடங்கியது. எகிப்தியருக்கான தொல்லியல் பள்ளிக்கு அரசு இசைந்து, அவரையே தலைவராகக் கருதிய 1923ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார். அவர்தம் மாணவர் ஸலீம் ஹஸன் பின்னாளில் கீஸாவில் பெரும் அகழாய்வுகளை நடத்தி, பண்டைய எகிப்தின் வரலாற்றை அரபியில் பல தொகுதிகளாக எழுதினார்.

எறியப்பட்ட அடுக்குகள்

அகழாய்வு என்பது மேலிருந்து கீழ்நோக்கிச் செல்வது. ஃபிர்அவ்ன் காலத்தை அடைய வேண்டுமெனில் முதலில் வருவது நேற்று வாழ்ந்தோரின் வீடு. பிறகு உஸ்மானிய, மம்லூக், ஃபாத்திமிய காலங்கள். அதன்கீழ் கிறிஸ்தவ காலம். அதன்கீழ் ரோமானியர், கிரேக்கர். 19ஆம் நூற்றாண்டு ஆய்வாளருக்கு இவை பெரும்பாலும் அகற்ற வேண்டிய குப்பையாகத் தோன்றின. இத்ஃபூ கோயிலின் கூரைமீதிருந்த வீடுகளை மாரியத் அகற்றினார். மதீனத் ஹாபூ கோயிலுக்குள்ளும் சுற்றிலும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்த ஜேமே என்னும் கிப்தி நகரின் பெரும்பகுதி உரிய பதிவுகளின்றி அழிந்தது.

இதற்குத் தப்பி நிற்பது உக்ஸுர் கோயிலினுள் உள்ள ஷைகு யூஸுஃப் அபுல் ஹஜ்ஜாஜ் (ரஹ்) பள்ளிவாசல். 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அந்த இறைநேசரின் அடக்கவிடம் அங்கிருப்பதால், சுற்றியிருந்த ஊரை 1880களில் தொடங்கி அகற்றியவர்களால் அதை மட்டும் அகற்ற இயலவில்லை. மண் முழுதும் அள்ளப்பட்டபின், பள்ளிவாசலின் பழைய வாயில் தரையிலிருந்து மிக உயரத்தில் அந்தரத்தில் நிற்கிறது. ஃபிர்அவ்னின் கோயிலாகவும், பின்பு தேவாலயமாகவும், அதன்பின் பள்ளிவாசலாகவும் அவ்விடத்தில் வழிபாடு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகத் தொடர்ந்துள்ளது. அத்தொடர்ச்சியே அவ்விடத்தின் வரலாறு. அதில் ஒரு காலத்தை மட்டும் பிரித்தெடுத்ததே காலனியத் தொல்லியலின் வழி.

அருங்காட்சியகங்களும் இவ்வாறே பிரிக்கப்பட்டன. கிரேக்க, ரோமானிய காலத்துக்கு 1892இல் அலெக்சாந்திரியாவில் ஒன்று. ஃபிர்அவ்ன்களுக்கு 1902இல் கெய்ரோவில் ஒன்று. அரபுக் கலைக்கு 1903இல் ஒன்று. கிப்தியருக்கு 1908இல் ஒன்று. ஒரே மக்களின் வரலாறு, ஒன்றோடொன்று தொடர்பற்ற நான்கு இனத்தாரின் கதைபோல் ஆயிற்று. 1902ஆம் ஆண்டுக் கட்டிடத்தின் முகப்பில் இலத்தீன் மொழியில் எழுத்துப் பொறிக்கப்பட்டது. ஐரோப்பிய அறிஞர்களின் பெயர்கள் இடம்பெற்றன. எகிப்தியர் ஒருவர் பெயரும் இல்லை.

அடுக்குகள் அனைத்தையும் மதித்தால் என்ன கிடைக்கும் என்பதற்குச் செங்கடற்கரையிலுள்ள குஸைர் அல்கதீம் நல்ல எடுத்துக்காட்டு. சிக்காகோ பல்கலைக்கழகத்தார் 1978 முதல் 1982 வரையிலும், சவுதாம்ப்டன் பல்கலைக்கழகத்தார் 1999 முதல் 2003 வரையிலும் அங்கு அகழ்ந்தனர். ரோமானிய காலத் துறைமுகத்தையும் இஸ்லாமிய காலத் துறைமுகத்தையும் ஒத்த கவனத்துடன் ஆராய்ந்தனர். முந்தைய காலத்து அடுக்குகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ் பிராமியில் கீறப்பட்ட பானையோடுகள் கிடைத்தன. 13ஆம் நூற்றாண்டு வீடொன்றில் அபூ முஃபர்ரிஜ் என்னும் வணிகரின் அரபுக் கடிதங்களும் கணக்குச் சீட்டுகளும் கிடைத்தன. இந்தியாவிலிருந்து சென்ற மிளகு இரு காலத்து மண்ணிலும் இருந்தது. மேலடுக்கைக் குப்பையென்று வாரிக் கொட்டியிருந்தால், ஆயிரம் ஆண்டு இடைவெளிக்குப் பின்னும் அதே கடல்வழியை முஸ்லிம் வணிகர் நடத்திவந்ததற்கான அந்தச் சான்று மறைந்திருக்கும். தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நமக்கு அவ்விரு அடுக்குகளிலும் உறவுண்டு.

மண்ணை அள்ளிய கைகள்

பெட்ரி என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் 1893–94 முதல் மேல் எகிப்தின் கிஃப்த் என்னும் ஊராரைத் தம் பணிக்குச் சேர்த்துப் பயிற்றுவித்தார். மண்ணின் நிறமாற்றத்தைக் கண்டு, அழிந்துபோன சுவரின் தடத்தைப் பிரித்தறியும் நுட்பம் அவ்வூராரிடம் தலைமுறை தலைமுறையாக வளர்ந்தது. எகிப்தில் எங்கு அகழாய்வு நடந்தாலும் கிஃப்த் ஊராரை அழைக்கும் வழக்கம் ஏற்பட்டது. அவர்களுக்குத் தலைமை தாங்குபவருக்கு 'ரயீஸ்' என்று பெயர். துட்டன்காமுன் கல்லறையை 1922 நவம்பரில் கண்ட கார்ட்டர், அஹ்மத் ஜெரிகார், ஜாத் ஹஸன், ஹுஸைன் அபூ அவத், ஹுஸைன் அஹ்மத் ஸயீத் என்னும் நால்வருக்குத் தம் நூலில் நன்றி கூறியுள்ளார். அக்காலத்தில் அதுவே அரிது. படங்களில் காணப்படும் மற்றத் தொழிலாளர் எவர் என்று இன்று அறிய வழியில்லை.

அமெரிக்க ஆய்வாளர் ரைஸ்னரின் குழுவிலிருந்த எகிப்திய ரயீஸ்கள், அன்றாட அகழாய்வுச் செய்திகளைப் பல ஆண்டுகள் அரபியில் நாட்குறிப்புகளாக எழுதிவந்தனர். எழுபதுக்கும் மேற்பட்ட அக்குறிப்பேடுகள் அவர்களுள் ஒரு குடும்பத்தாரிடமிருந்து 2000ஆம் ஆண்டுக்குப் பின்னரே வெளிச்சத்துக்கு வந்தன. ஆங்கில அறிக்கைகளே ஆய்வென்று நம்பப்பட்ட காலமெல்லாம், அதே குழிகளைப் பற்றிய அரபுப் பதிவு ஒரு வீட்டில் உறங்கிக் கிடந்தது. உள்ளூரார் வெறும் கூலிகள், அறிவு மேலிருந்து வந்தது என்னும் எண்ணத்தை உடைக்க இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. மறுபுறம், 1881இல் ரம்ஸீஸ் முதலிய அரசர்களின் உடல்கள் கிடந்த மறைவிடத்தை, எது எங்கே இருந்தது என்று முறையாகக் குறிக்காமலே இரண்டு நாளில் வெறுமையாக்கியவர் ஓர் ஐரோப்பிய அதிகாரி.

செய்தியும் காலனிய உடைமையாயிற்று. கார்ட்டருக்குப் பொருளுதவி செய்த கார்னர்வன் பிரபு, 1923 ஜனவரியில் லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுடன் ஒப்பந்தம் செய்துகொண்டார். எகிப்தியப் பத்திரிகைகள் தம் நாட்டுக் கல்லறையின் செய்தியை லண்டன் வழியே பெற நேர்ந்தது. 1922இல் பெயரளவில் விடுதலை பெற்ற நாட்டில் இது பெருஞ்சினத்தை மூட்டியது. ஸஃத் ஸக்லூலின் அரசு உறுதியாக நின்றதால், அதுவரை அகழ்வோருக்குப் பாதி என்றிருந்த பங்கீட்டு முறை அக்கல்லறைக்குப் பொருந்தாமற் போயிற்று. அதன் செல்வங்கள் நாட்டிலேயே தங்கின.

ஆள்பவர் மாறினால் போதுமா?

1953இல் முஸ்தஃபா ஆமிர் தொல்பொருள் துறையின் முதல் எகிப்தியத் தலைவரானார். 1983ஆம் ஆண்டின் 117ஆம் எண் சட்டம் தொல்பொருள்களைப் பொதுவுடைமையாக்கி வணிகத்தைத் தடைசெய்தது. 2025 நவம்பரில் கீஸாவில் மாபெரும் எகிப்திய அருங்காட்சியகம் முறைப்படி திறக்கப்பட்டு, துட்டன்காமுன் கல்லறைப் பொருள்கள் ஒருங்கே காட்சிக்கு வந்தன. இவை மகிழ்ச்சிக்குரியவை. 1799இல் ரஷீதில் கிடைத்து, 1801ஆம் ஆண்டுப் போருடன்படிக்கையால் ஆங்கிலேயர் கைப்பற்றிய கல்வெட்டு இன்னும் லண்டனில்தான் இருக்கிறது.

ஆயினும் உக்ஸுருக்கு எதிர்க்கரையில், பழங்கல்லறைகளின்மீது வீடு கட்டி வாழ்ந்த குர்னா ஊரார், 2006 முதல் தம் வீடுகளிலிருந்து வெளியேற்றப்பட்டனர். வண்ணம் தீட்டிய அவ்வீடுகள் இடிக்கப்பட்டன. முன்பு பிரெஞ்சு அதிகாரி சொன்ன அதே காரணத்தை இப்போது எகிப்திய அதிகாரி சொன்னார்: கல்லறைகளுக்கு இம்மக்கள் இடையூறு. இவ்வூரார் சிலர் தொல்பொருள்களை விற்றனர் என்பது உண்மை. அகழாய்வுகளுக்குத் தோள்கொடுத்தோரும் இவர்களே. மாண்டோரின் வீட்டைக் காக்க வாழ்வோரின் வீட்டை இடிக்கும் தொல்லியல், அதை நடத்துவோரின் மொழி மாறியதால் மட்டும் நீதியுடையதாகிவிடாது.

நம் பங்கு

நம்மவரின் தவறுகளையும் ஒளிக்காமல் பேசுவதே பக்தாதீயின் வழி. ஸலாஹுத்தீனின் அதிகாரி கராகூஷ், கீஸாவின் சிறு பிரமிடுகளைப் பெயர்த்துக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தியதையும், ஸலாஹுத்தீனின் மகன் அல்அஜீஸ் மூன்றாவது பிரமிடை இடிக்க முயன்று எட்டு மாதங்கள் பாடுபட்டுத் தோற்றதையும் எழுதிவைத்தவர் அவரே. ஹிஜ்ரி 780இல் ஒரு தர்வேஷ் அபுல் ஹவ்லின் முகத்தைச் சிதைத்ததை மக்ரீஸீ பதிந்துள்ளார். நம் காலத்தில், 2015இல், தத்மூரின் தொல்சின்னங்களுக்குத் தம் வாழ்நாளையே அளித்த முதிய அறிஞர் காலித் அல்அஸ்அத் இஸ்லாத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டோரால் கொல்லப்பட்டார். எகிப்தைத் திறந்த ஸஹாபாக்கள் ஃபிர்அவ்ன்களின் சின்னங்களை இடிக்காமல் விட்டனர் என்பதை இவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

பழஞ்சின்னங்களைப் பேணுவது பழைய வழிபாட்டை மதிப்பதாகாதா என்று கேட்போருக்கு, தபூக் பயணத்தில் ஸமூது மக்களின் குடியிருப்பான ஹிஜ்ரைக் கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் காட்டிய ஒழுக்கமே விடை. அழுதவர்களாகவன்றி அவ்விடத்தினுள் நுழைய வேண்டாமென்று தோழர்களுக்குக் கட்டளையிட்டார்கள். அவ்வீடுகளை இடிக்கச் சொல்லவில்லை. வேடிக்கை பார்ப்பவனும், சூறையாடுபவனும், இடிப்பவனும் அங்கு இடம்பெறவில்லை. படிப்பினை பெறுபவன் மட்டுமே இடம்பெற்றான். 'இஃதிபார்' என்று பக்தாதீ தம் நூலுக்கு இட்ட பெயரின் பொருளும் அதுவே.

நம் மத்ரஸாக்களில் பயணம் செய்து காணுமாறு பணிக்கும் வசனங்களை ஓதுகிறோம். அவ்வாறு கண்டு எழுதியோரின் நூல்களைப் பாடமாக வைப்பதில்லை. விரிவுரை வகுப்பில் 'அல்இஃபாதா வல்இஃதிபார்' நூலின் பழஞ்சின்னங்கள் பற்றிய பகுதியைச் சேர்த்துப் படிப்பிக்கலாம். சில பக்கங்களே கொண்ட அப்பகுதியை இடைநிலை மாணவரும் அரபியில் படித்துவிட முடியும். அதைத் தமிழில் குறிப்புரையுடன் பெயர்த்து வெளியிடுவதும் நம் கல்லூரிகளால் இயலாத பணியன்று. அதைப் படித்த மாணவன் அடுத்த முறை ஒரு படத்தைக் காணும்போது, இது யார், எந்த மண்ணடுக்கில் கிடைத்தது, யார் எடுத்தார், ஏன் இங்கே இருக்கிறது என்று கேட்பான். அந்தக் கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவனுக்கு லண்டன் உடலின் கதை தேவைப்படாது. யூனுஸ் அத்தியாயத்தின் அவ்வசனமே போதுமானதாயிருக்கும். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.